பொய் ஜொரத்துக்கு வாசிச்ச மெட்டு

மைமூன் அக்கா! ஏ மைமூனு! கேக்குதா உனுக்கு? நீ போயி இன்னியோட இருவத்தஞ்சி நாளு ஆவுது. வூட்ல எல்லாரும் உன் பேர மெதுவா சொல்றாங்க, மெதுவா அழுவுறாங்க. எனுக்கு அது புடிக்கவே இல்ல. நீ எதையும் மெதுவா செஞ்சவ இல்லியே. நீ சிரிச்சா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். அதான் உன்ன நெனச்சதும் மொதல்ல சிரிப்பு வர்ற சமாச்சாரம் ஒண்ண எழுதிடலாம்னு உக்காந்துகினு கீறேன். நடுவுல அழுதுட்டா கண்டுக்காத.

இத படிக்கிறவங்களுக்கு எங்க அக்காவ தெரியாது இல்ல, அதனால மொதல்லருந்து சொல்றேன்.

அப்ப எனுக்கு ஒம்போது வயசு. அக்காவுக்குப் பதினேழு. எமர்ஜென்சி எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. எங்க வூடு மகாபலிபுரத்துல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. அத்தா, அதான் எங்க அப்பா, சிப்பிக் கடை வெச்சிருந்தாரு. கல்லு கோயில் பாக்க வர்றவங்க வாங்கினு போவாங்களே, சோழி மாலை, சிப்பி மாலை, அதெல்லாம் விக்கிற கடை. அத்தா விப்பாரு, கோக்குறது எங்க வூட்டு பொம்பளைங்க. மத்தியானம் சோறு துன்னதும் பின்பக்கம் முருங்க மரத்து நெழலுல பாய விரிச்சி, நடுவுல கூடையில சிப்பிய கொட்டிகினு, ஊசியும் நைலான் நூலுமா உக்காந்துடுவாங்க. அம்மா, அக்கா, பக்கத்து வூட்டம்மா. பக்கத்து வூட்டம்மாவோட வூட்டுக்காரரு கல்லு கொத்துறவரு. அந்தம்மா எங்க ஆளுங்க இல்ல, ஆனா எங்க வூட்டு ரகசியம் எங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்.

சவுக்குத் தோப்புகிட்ட ஒரு டென்ட்டுக் கொட்டாய் இருந்துச்சி. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம படம் மாத்துவாங்க. எங்க வூட்டுல வயசுக்கு வந்த பொம்பளைங்க சினிமாவுக்குப் போவக்கூடாது. அத்தா சொன்னா சொன்னதுதான். நான் சின்னப் பொண்ணு, எனுக்கு அந்தச் சட்டம் இல்ல. எங்க மாமா, அம்மாவோட தம்பி, என்னைய சைக்கிள் பாருல உக்கார வெச்சி இட்டுகினு போவாரு. அதனால ஊர்ல ஓடுற படம் எல்லாம் எங்க வூட்டுக்கு என் வாய் வழியாத்தான் வந்துகினு இருந்துச்சி. சனிக்கெழம மத்தியானம் நான் பாய் நடுவுல நிப்பேன், அவங்க கோத்துகினே கேப்பாங்க.

இதுல ஒரு கோளாறு இன்னான்னா, இன்ட்ரோல்ல முறுக்கு துன்னதும் நான் தூங்கிடுவேன். மீதி கதைய நானே செஞ்சிக்கணும். ஒரு தபா ஈரோவையே சாவடிச்சிட்டேன். அடுத்த நாளு மாமா வந்து, "அவரு எங்கடி செத்தாரு? கடைசில கல்யாணமே கட்டிக்கிறாரு"ன்னாரு. எங்க அம்மாவுக்கு வந்துச்சே கோவம். "ரெண்டு முட்டியும் வலிக்க வலிக்க உக்காந்து அழுதேனேடி, அந்தக் கண்ணீருக்கு இன்னா பதிலு சொல்ற?"ன்னு ஊசியத் தூக்கினு வந்துட்டாங்க.

ஆனா அந்தக் கண்ணீரு எனுக்காக வந்தது இல்ல. அது எனுக்கும் தெரியும். மொதல்ல எல்லாம் நான் வெறும் வாயால சொன்னப்ப, "அம்மாக்காரி செத்துட்டா"ன்னு சொன்னா, "அய்யோ பாவம், அந்த வெள்ள நூல இப்டி தள்ளு"ன்னு வேலைய பாப்பாங்க. ஒரு சொட்டு வராது. அக்கா புல்புல்தாராவ எடுத்துகினு வந்து என் பக்கத்துல உக்காந்ததுக்கு அப்புறம்தான் பொணம் வுயுந்தா அழுகையும் வுயுந்துச்சி.

புல்புல்தாரா பாத்திருக்கீங்களா? ஒரு நீட்டுப் பலக, மேல கம்பி, டைப்பு மிசினு மாதிரி கட்டைங்க. ஒரு கையில கட்டைய அமுக்கி இன்னொரு கையில கம்பிய மீட்டணும். மாமா தர்கா கந்தூரித் திருவிழாக் கடையில வாங்கினு வந்தது. வாங்குனவருக்கு வாசிக்க வரல. அக்கா ஒரு வாரம் தடவித் தடவிப் பாத்துட்டு எட்டாம் நாளு வாசிச்சா. யாரும் சொல்லித் தரல. அத்தா மூஞ்ச சுளிச்சாரு. அப்புறம், "சத்தம் வாசப்படிய தாண்டக் கூடாது"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கடைக்குப் பூட்டாரு. அதனால பலகைக்கு அடியில அம்மாவோட கிழிஞ்ச பொடவைய நாலா மடிச்சி வெச்சிப்பா.

எங்ககிட்ட மூணே மூணு மெட்டு. ஓட்ட மெட்டு, சண்டைக்கும் சிரிப்புக்கும். அழுவாச்சி மெட்டு, தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்து வரும். பாம்பு மெட்டு, அடிக்கம்பிய மட்டும் டொங் டொங்குன்னு தட்டுறது, வில்லன் வர்றதுக்கு. எது எப்ப வேணும்னு நான் ஜாடை காட்டணும். காத தொட்டா அழுவாச்சி. மூக்க தொட்டா பாம்பு. தலைய சொறிஞ்சா ஓட்டம். ஒரு தபா ஈரோவோட தங்கச்சிய பொதைக்கப் போற எடத்துல எனுக்குப் பேனு கடிச்சி தலைய சொறிஞ்சிட்டேன். அக்கா ஓட்ட மெட்ட எடுத்தா பாரு, நாலு பேரு பொணத்த தூக்கினு பஸ் புடிக்க ஓடுற மாதிரி ஆயிடுச்சி. பக்கத்து வூட்டம்மா சிரிச்சிச் சிரிச்சிக் கூடைய கவுத்துட்டாங்க. அன்னிக்கிப் பூரா மண்ணுலேந்து சிப்பி பொறுக்குனோம்.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சி. அழுவாச்சி மெட்டு வந்தா எல்லார் கையும் நின்னுடும். ஊசி அப்படியே அந்தரத்துல நிக்கும். சனிக்கெழம மட்டும் மாலை ஏன் கம்மியா வருதுன்னு அத்தாவுக்குச் சந்தேகம் வந்துச்சி. அக்கா அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சா. கதைல எங்கயாச்சும் கொஞ்ச நேரம் சும்மா சைக்கிள் ஓட்ட வெச்சி ஓட்ட மெட்ட வாசிப்பா. கை தானா வேகமா கோக்கும். "ஏண்டி, இந்தப் படத்துல எல்லாரும் இவ்ளோ சைக்கிள் ஓட்டுறாங்க?"ன்னு அம்மா கேப்பாங்க.

அந்த நேரத்துலதான் எங்க சின்னம்மா பொட்டியோட வந்து எறங்குனாங்க. அம்மாவோட தங்கச்சி. அச்சரப்பாக்கத்துல கட்டிக் குடுத்து ஒரு வருசம்கூட ஆவல.

இன்னா நடந்துச்சின்னா, சின்னம்மாவும் வூட்டுக்காரரும் மதுராந்தகத்துக்குப் போயி சினிமா பாத்துட்டு வந்தாங்க. மாமியார்கிட்ட சொல்லாம. அன்னிக்கி மாமியாருக்கு ஜொரம். திரும்பி வந்தா கதவு தாப்பா போட்டுக் கெடக்குது. காலைல மொத பஸ்ஸுக்கு, "உங்க அக்கா வூட்டுக்குப் போ, நான் சொல்லி அனுப்புறப்ப வா"ன்னு அந்தம்மா அனுப்பி வெச்சிட்டாங்க. ரெண்டு மாசமா ஒரு சேதியும் இல்ல. வூட்டுக்காரரு நல்லவருதான், ஆனா அம்மா கிழிச்ச கோட்ட தாண்ட மாட்டாரு. அவங்க வுட்டுடுன்னா வுட்டுடுவாரு, அதான் எல்லாருக்கும் பயம்.

சின்னம்மாவும் லேசுப்பட்ட ஆளு இல்ல. "ஒரு லெட்டரு போட்டு மன்னாப்புக் கேளு"ன்னு அம்மா சொன்னா, "சினிமா பாத்தது கொலக் குத்தமா? தூங்கிட்டாங்கன்னு நெனச்சித்தான் போனேன். எதுக்குக் கேக்கணும்?"ன்னு வெட்டிப் பேசுவாங்க. பேசிட்டு ஊசிய வெரலுல குத்திக்குவாங்க. ரெண்டு மாசத்துல பத்து வெரலும் ஓட்டை. ராவுல எங்களுக்கு முதுகு காட்டிப் படுத்துகினு மூக்க உறிஞ்சுவாங்க.

கடைசியா சேதி வந்துச்சி. வர்ற சனிக்கெழம அந்தம்மாவும் மவனும் வர்றாங்க. இட்டுகினு போறதா, முடிச்சிவுடுறதா, ரெண்டுல ஒண்ணு பேசப் போறாங்க.

எனுக்கு உடனே ஒரு யோசன. ஊரையே அழவெக்கிறோம், ஒரு மாமியாரை அழவெக்க முடியாதா? அக்காவை கெணத்தடிக்கு இட்டுகினு போயி சொன்னேன். "அக்கா, இந்த வாரம் படம் வேணாம். நானே ஒரு கத கட்டிருக்கேன். ஒரு கொடுமக்கார மாமியாரு. மருமவ சினிமாவுக்குப் போனான்னு தொரத்திட்டா. கடைசில திருந்தி அழுவுறா. அதக் கேட்டா இவங்களும் திருந்திடுவாங்க."

"மருமவ எதுக்கு சொல்லாம போனா?"

"மாமியாரு வுடமாட்டா, அதான்."

"அன்னிக்கி ஜொரம் இல்ல அந்தம்மாவுக்கு?"

"ஜொரம் வெச்சிருக்கேன். ஆனா பொய் ஜொரம்."

அக்கா என்னைய பாத்தா. "பொய் ஜொரம்னு உனுக்கு யாரு சொன்னது?"

"வில்லின்னா பொய் ஜொரம்தான் வரும். அந்த எடத்துல நான் மூக்க தொடுவேன். நீ பாம்பு மெட்டு வாசிக்கணும். நல்லா பயங்கரமா."

அக்கா, "செரி"ன்னா. நூல ஒதறிப் போட்டுட்டு உள்ள பூட்டா.

சனிக்கெழம வந்தாங்க. நான் அந்தம்மாவ அதுக்கு முன்னாடி கல்யாணத்துல பாத்ததுதான். வில்லி மாதிரி பெருசா இருப்பாங்கன்னு நெனச்சா, ஒடிஞ்சி வுயுற மாதிரி ஒரு ஒல்லி அம்மா. வெள்ளத் துப்பட்டிய இறுக்கிப் போத்தி, கையில ஒரு ஒயருக் கூடையோட. மவன் முன்பக்கம் அத்தாகிட்ட உக்காந்து தொப்பிய கழட்டுறாரு, போடுறாரு, மறுபடி கழட்டுறாரு. அந்தம்மாவ பின்பக்கம் பாயில உக்கார வெச்சாங்க. டீ குடுத்தாங்க. சின்னம்மா தல நிமிராம சோழி கோத்துகினே இருந்தாங்க. அந்தம்மா டீய தொடாம முருங்க மரத்தயே பாத்துகினு இருந்தாங்க.

அம்மாவுக்கு அந்த அமைதி தாங்கல. "மாமி, எங்க சின்னது சனிக்கெழமைல படம் சொல்லும். கேக்குறீங்களா?"ன்னு கேட்டாங்க.

"சினிமாவா?"ன்னாங்க அந்தம்மா. அந்த ஒரு வார்த்தையில டீயே ஆறிப் போச்சி.

நான் வுடல. எயுந்து நின்னுட்டேன். அக்கா துணிய மடிச்சிப் போட்டு பலகைய மடியில வெச்சிகினா.

ஆரம்பம் நல்லாத்தான் போச்சி. நல்ல மருமவள கொண்டாந்தேன், அவ விடிகாலைல எயுந்து தண்ணி எறைச்சா, ஆடு மேச்சா, நடுவுல கொஞ்சம் சைக்கிள்கூட ஓட்டுனா. அக்கா ஓட்ட மெட்டு. எல்லார் கையும் கோக்குது. அந்தம்மாவோட கால் கட்டைவெரலு லேசா ஆடுது, நான் பாத்தேன். எனுக்குத் தெம்பு வந்து குரல ஒசத்துனேன். "அந்த மருமவளுக்கு ஒரு மாமியாரு இருந்தா. மகா கொடுமக்காரி. அச்சரப்பாக்கத்துலயே அவ மாதிரி..."

சொல்லி முடிக்கல, நாக்க கடிச்சிக்கினேன். லேட்டு.

பக்கத்து வூட்டம்மா, "போச்சி"ன்னாங்க, நல்லா சத்தமாவே. எங்க அம்மா மூஞ்சில ரத்தமே இல்ல. சின்னம்மா நூல அறுத்துட்டாங்க, ஒரு மாலை பூரா பாயில கொட்டி உருளுது.

அந்தம்மா மட்டும் அசையல. "படத்துல அச்சரப்பாக்கம்கூட வருதா?"ன்னு கேட்டாங்க.

"ஷூட்டிங் அங்கதான் எடுத்தாங்க"ன்னேன்.

"அப்டியா. எங்களுக்குத் தெரியலியே. மேல சொல்லு. கொடுமக்காரி இன்னா பண்ணா?"

ஓடிடலாம்னு பாத்தேன். அம்மா கண்ணாலயே, நிறுத்துடீன்றாங்க. அந்தம்மா கண்ணாலயே, சொல்லுடீன்றாங்க. அக்காவை பாத்தேன். அக்கா கம்பிய துடைச்சிகினே, "சொல்லு. நான் கீறேன்"ன்னா.

சொன்னேன். மருமவளும் புருசனும் சினிமாவுக்குக் கெளம்பிட்டாங்க. மாமியாருக்குப் பொறாம. "அவ பொய்யா ஜொரம்னு படுத்துகினா"ன்னு சொல்லி மூக்க தொட்டேன்.

அக்கா வாசிக்கல.

மறுபடி தொட்டேன். தேச்சேன். புடிச்சி இழுத்தேன். அக்கா என் பக்கமே திரும்பல. கண்ண மூடிகினா. கட்டைய அமுக்குனா. பாம்பு வரல. அழுவாச்சி மெட்டு வந்துச்சி. அந்தத் தாலாட்டு. அதுவும் எப்பவும் வாசிக்கிற மாதிரி இல்ல, ரொம்ப தணிச்சி, ஒரு ஒரு கம்பியா, பக்கத்துல படுத்துகினு தட்டிக் குடுக்குற மாதிரி.

எனுக்கு ஆத்திரம் பத்திகினு வருது. ஆனா கதைய வுட முடியுமா? வெச்சிருந்த வார்த்தைய அப்படியே சொன்னேன். "அந்தம்மா தண்ணி, தண்ணின்னு கூப்டா. யாருமே வரல. மவனே, மவனேன்னு கூப்டா. யாருமே இல்ல. வெளக்கு ஏத்தக்கூட ஆளு இல்ல."

இத நான் சிரிக்க வெக்கத்தான் கட்டுனேன். பொய்க்காரி நல்லா மாட்டினா பாருன்னு. அந்த மெட்டுல அது அப்டி வரல. நான் சொல்ற வார்த்தை எனுக்கே வேற யாரோ சொல்ற மாதிரி கேட்டுச்சி. பொய்யின்ற வார்த்தைய காத்து அடிச்சிகினு பூட்ட மாதிரி, அது எங்கன்னே தெரியல. இருட்டுல ஒரு வூடு, ஒரு பாயி, ஜொரத்துல ஒரு பொம்பள, அவ்ளோதான் இருந்துச்சி. எல்லார் ஊசியும் நின்னுடுச்சி.

எனுக்கு அதுக்கு மேல கத வரல. திருந்துற சீனு எல்லாம் மறந்து போச்சி. அக்கா மட்டும் வாசிச்சிகினே இருந்தா.

அந்தம்மா துப்பட்டி முந்தாணிய வாயில வெச்சி அமுக்கிகினாங்க. தோளு குலுங்குது. அழுகைன்னா சத்தமான அழுகை இல்ல. ரொம்ப நாளா கட்டி வெச்சத அவுத்து வுட்ட மாதிரி. "மூணு தபா கூப்ட்டேன்"ன்னாங்க. யாருகிட்டன்னு தெரியல. "மவனோட அப்பன் போனப்புறம் அந்த வூட்ல நான் தனியா படுத்ததே இல்ல. மூணு தபா கூப்ட்டேன்."

சின்னம்மா இருந்த எடத்துலேந்து எயுந்தாங்க. சோழிய மிதிச்சிகினே போயி அந்தம்மா காலண்ட உக்காந்தாங்க. "தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன் மாமி. சத்தியமா தூங்கிட்டீங்கன்னு... எழுப்பிக் கேட்டிருக்கணும். தப்புதான்"ன்னாங்க. ரெண்டு மாசமா எங்க அம்மா கெஞ்சிக் கெஞ்சி வராத வார்த்தை.

அந்தம்மா சின்னம்மா கைய புடிச்சி வெரலை பாத்தாங்க. "இன்னாடி இது, வெரலா சல்லடையா?"ன்னாங்க. அழுதுகினு இருந்த பக்கத்து வூட்டம்மா அதுக்குக் கெக்கபிக்கன்னு சிரிச்சிட்டாங்க. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா மூக்க சிந்திகினே சூடா வேற டீ போட ஓடுனாங்க. முன்பக்கத்துலேந்து அத்தா, "இன்னா சத்தம் அங்க?"ன்னு கத்துனாரு.

சாயங்காலம் பஸ்ஸுக்குச் சின்னம்மா பொட்டி கட்டுனாங்க. கெளம்புறப்ப அந்தம்மா என்னைய கூப்ட்டு, "அந்த மாமியாருக்கு ஜொரம் வுட்டுச்சா?"ன்னு கேட்டாங்க.

"வுட்டுச்சி. மருமவ வந்து கஞ்சி வெச்சிக் குடுத்தா."

"கஞ்சில உப்பு செரியா போட்டாளா?"

"அது படத்துல காட்டல"ன்னேன்.

"மூக்குல இன்னா? சும்மா சும்மா தேச்சிகினு இருந்த? ஜலதோசமா? வெத்தல சாறு வுடச் சொல்லு உங்க அம்மாவ"ன்னு சொல்லிட்டு, ஒயருக் கூடையிலேந்து ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்தாங்க. உள்ள பொட்டுக்கடலையும் வெல்லமும். மருமவள வேணாம்னு சொல்ல வந்தவங்க எதுக்குப் பொட்டுக்கடல எடுத்துகினு வந்தாங்கன்னு எனுக்கு அப்ப தோணல. நான் துன்னேன்.

பஸ்ஸு போனதும் நேரா அக்காகிட்ட போயி சண்ட. "ஏண்டி மெட்ட மாத்துன? நான் மூக்கையே பிச்சி எடுத்துகினு கீறேன், நீ கண்ண மூடிகினு உக்காந்துகினு கீற! பாம்பு மெட்டுன்னு சொன்னேனா இல்லியா?"

அக்கா சிரிச்சா. அந்தப் பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்குற சிரிப்பு. "ஆமாண்டி, தப்பா பூடுச்சி. காத தொட்ட மாதிரி தெரிஞ்சிச்சி."

"நல்லவேள, என் கத கெட்டியான கத. நீ தப்பா வாசிச்சும் நின்னுச்சி."

"பின்ன? உன் கததான் ஜெயிச்சிச்சி"ன்னு சொல்லி என் வாயில ஒரு வெல்லத் துண்ட போட்டா.

அதுக்கு அப்புறம் பத்து வருசம், வூட்டுக்கு யாரு வந்தாலும் நான் இத சொல்லுவேன். சின்னம்மாவ நாந்தான் சேத்து வெச்சேன், அக்கா மெட்ட தப்பா வாசிச்சும் சேத்து வெச்சேன்னு. அக்காவ செங்கல்பட்டுல கட்டிக் குடுத்தாங்க, அங்க அவ வூட்டுக்காரரு முன்னாடியும் சொன்னேன். அக்கா எப்பவும் அதே மாதிரி தலைய ஆட்டுவா. "ஆமா, நாந்தான் மாத்தி வாசிச்சிட்டேன்"ன்னு. ஒரு தபாகூட இல்லன்னு சொல்லல.

போன மாசம் மஞ்ச காமால வந்து பூட்டா. இருவத்தேழு வயசு. கபுருஸ்தானுக்குத் தூக்கினு போனப்புறம், பொம்பளைங்க எல்லாம் உக்காந்துருந்த கூடத்துல எனுக்குத் திடீர்னு இது வெளங்கிச்சி. ஒம்போது வயசுல நான் அந்தம்மாவ தோக்கடிக்கத்தான் கத கட்டுனேன். எல்லாரும் அவங்களுக்கு எதிர்த்தாப்புல உக்காந்துருந்தோம், நான், அம்மா, சின்னம்மா, கதைகூட. அக்கா ஒருத்திதான் அந்தம்மா பக்கத்துல போயி உக்காந்துகினா. எடத்த வுட்டு நவுராமலே போயி உக்காந்துகினா. அவளுக்குத் தெரியாம ஒண்ணும் கை தவறல. பத்து வருசமா தப்பு என்னுதுன்னு சொல்லிகினே இருந்தாளே, எதுக்குக்கா? சின்னப் பொண்ணு ஆசையா சொல்லிகினு திரியிறா, திரியட்டும்னா?

இனிமே கேக்க முடியாது. கேட்டாலும் சிரிச்சிருப்பா.

வர்ற மாசம் நாப்பதாவது நாளு பாத்தியா ஓதுறோம். சின்னம்மாவும் அவங்க மாமியாரும் ஒண்ணாத்தான் வருவாங்க. வர முடியாதவங்க பரவால்ல. பள்ளிவாசலோ கோயிலோ மாதா கோயிலோ, நீங்க எங்க கையேந்துறீங்களோ அங்க, எங்க மைமூன் அக்கா பேர ஒரே ஒரு தபா வாய்வுட்டுச் சொல்லுங்க. அவ கபுருல இருட்டு இல்லாம, தனிமை இல்லாம இருக்கணும்னு எல்லாரும் அவளுக்காக துஆ கேளுங்க.